வெயில் பட்ட நெற்றி

அத்தியாயம் 11

போன வாரம் அக்காவை எங்கே விட்டோம்? தங்கை வீட்டு வாசலில், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஜெயித்த முகத்தோடு கிளம்பும்போது விட்டோம். ஐந்து நாள் குழந்தையின் நெற்றியில் கருவியை வைத்து அழுத்திவிட்டு, "பன்னெண்டு புள்ளி எட்டு. ஒண்ணும் இல்ல. எல்லாரும் நிம்மதியா தூங்குங்க" என்று தீர்ப்புச் சொன்னாள். குழந்தை மஞ்சளாக இருக்கிறது என்று மூன்று நாளாகப் புலம்பிக்கொண்டிருந்த தங்கையின் கணவர் அசடு வழிய நின்றார். நாமும் அவரைப் பார்த்துச் சிரித்தோம்.

சிரித்தது தப்பு.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. அக்கா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், பிறந்த குழந்தைகள் வார்டில் பதினாறு வருஷமாக நர்ஸ். தங்கைக்கு இது முதல் குழந்தை. முப்பத்தேழாவது வாரத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்ததால் சுண்டைக்காய் மாதிரி இருந்தாள், அதனால் சுண்டு. தங்கையின் கணவர் பெயின்ட் கடையில் கலர் கலக்குகிறவர். பழைய சட்டைத் துணியையோ உடைந்த கோப்பையையோ கொண்டுபோய் நீட்டினால், அதே நிறத்தை டப்பாவில் கொண்டுவந்துவிடுவார். கடையிலும் தெருவிலும் அவருக்குக் கலர்காரர் என்றே பெயர்.

இனி அந்தக் கருவி. வார்டில் அதை டார்ச் என்பார்கள். குழந்தையின் தோலில் வைத்து அழுத்தினால் ஒரு வெளிச்சம் சிமிட்டும், தோலுக்குள் எவ்வளவு மஞ்சள் சேர்ந்திருக்கிறது என்று திரையில் எண் வரும். ஊசி இல்லை, ரத்தம் இல்லை, தூங்குகிற குழந்தை விழிக்கக்கூட விழிக்காது. ஐந்தாம் நாள் சுண்டுவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருந்தார்கள். "பச்ச உடம்புக்காரியை எதுக்கு அலைய விடணும்?" என்று அக்கா டார்ச்சைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். கருவி வார்டை விட்டு வெளியே போகக் கூடாது என்பது விதி. எனக்கு இந்த அக்காவை ரொம்பப் பிடிக்கும், ஆனால் விதியெல்லாம் மற்றவர்களுக்குத்தான் என்று நினைக்கிற அந்தப் புத்தி மட்டும் பிடிக்காது.

ஆறாம் நாள் காலை ஆறே காலுக்கு போன் வந்தது.

"அக்கா, சுண்டு பால் குடிக்க மாட்டேங்குறா."

"தூக்கக் கலக்கமா இருக்கும்டி. உள்ளங்காலைச் சுண்டிப் பாரு."

"சுண்டினேன். கண்ணையே தொறக்கல. அழுகை வேற ஒரு மாதிரி இருக்குக்கா. கீச்சு கீச்சுன்னு."

பதினாறு வருஷத்தில் அந்தக் கீச்சை அக்கா நாலைந்து முறை கேட்டிருக்கிறாள். கேட்ட ஒவ்வொரு முறையும் வார்டில் யாருக்கும் அன்று சாப்பாடு இறங்கியதில்லை.

"அப்படியே துணியோட தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வா. குளிப்பாட்டாதே, உடம்பு துடைக்காதே. இந்த நிமிஷமே கிளம்பு."

ஏழு மணிக்கு வந்து சேர்ந்தார்கள். தங்கை நைட்டிக்கு மேல் கணவரின் சட்டையைப் போட்டிருந்தாள். குழந்தையைக் கையில் வாங்கியதுமே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. ஈரத்துணி மாதிரி துவண்டு கிடந்தாள் சுண்டு. அக்கா டார்ச்சை நெற்றியில் வைத்து அழுத்தினாள். வெளிச்சம் சிமிட்டியது.

"பதிமூணு புள்ளி ஒண்ணு."

தங்கை தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்பாடா! அப்ப மஞ்சள் இல்லையாக்கா?"

அக்கா மறுபடி திரையைப் பார்த்தாள். கையில் இருக்கிற குழந்தையும் திரையில் இருக்கிற எண்ணும் ஒத்துப்போகவில்லை.

"அக்கா," என்றார் கலர்காரர். சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார். "காலைப் பாருங்க. மூஞ்சியைப் பார்க்காதீங்க."

அக்கா துணியைப் பிரித்தாள். நேற்று அவள் பிரிக்கவில்லை. பொதிந்து கட்டிய துணிக்குள் குழந்தை அவ்வளவு நிம்மதியாகத் தூங்கியது, எழுப்ப மனசு வரவில்லை, நெற்றி கைக்கெட்டியது.

கழுத்தில் ஒரு கோடு இருந்தது. கோட்டுக்கு மேலே முகம் வெளுத்து, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கோட்டுக்குக் கீழே மார்பு, வயிறு, தொடை, உள்ளங்கால் வரை அடர்ந்த மஞ்சள். நாள் முழுக்க வெயிலில் கட்டியிருந்த வாட்சைக் கழற்றிவிட்டு மணிக்கட்டைப் பார்த்த மாதிரி இருந்தது.

மார்பெலும்பின் மேல் டார்ச்சை வைத்தாள். பத்தொன்பது புள்ளி ஆறு. இன்னொரு தடவை அழுத்தினாள். பத்தொன்பது புள்ளி எட்டு.

இதற்கு மேல் டார்ச்சை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். சுண்டு அதற்குக்கூடச் சரியாக அழவில்லை. இருபது நிமிஷத்தில் லேபிலிருந்து வந்த எண் இருபத்திரண்டு புள்ளி ஒன்று. பதினைந்துக்கு மேல் போனாலே வார்டில் ஓட்டமும் நடையுமாக இருப்பார்கள்.

சுண்டுவின் கண்ணைக் கட்டி, மஞ்சளை இறக்குகிற நீல விளக்குக்கு அடியில் போட்டார்கள். மேலே இரண்டு விளக்கு, முதுகுக்கு அடியில் ஒன்று.

"குழந்தையை வெயில்ல காட்டினீங்களா?" என்று கேட்டாள் அக்கா.

தங்கை கணவரைப் பார்த்தாள். கலர்காரர் தன் செருப்பைப் பார்த்தார்.

"காலையில ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். தொட்டிலை ஜன்னல் கிட்ட தள்ளி வச்சேன். குளிரப் போகுதேன்னு உடம்பைப் போத்தி மூஞ்சியை மட்டும் வெளிய விட்டேன். வெயில் பட்டா மஞ்சள் போயிடும்னு கடையில சொன்னாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல மாப்ள?"

"நீங்க சிரிப்பீங்கன்னு."

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு வருஷமும் பயிற்சிக்கு வருகிற புது நர்ஸுகளுக்கு டார்ச் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது அக்காதான். முதல் நாளே அவள் சொல்லிக்கொடுப்பது இது. வெளிச்சம் பட்ட தோலில் மட்டும் டார்ச்சை வைக்காதீர்கள். வெளிச்சம் முதலில் தோலில் இருக்கிற மஞ்சளை வெளுக்கும், ரத்தத்தில் இருப்பது அப்படியே இருக்கும், கருவி உங்களுக்குக் குறைத்துச் சொல்லும். வார்டின் நீல விளக்கை நினைத்துத்தான் அவள் இதைச் சொல்வது. ஒரு வீட்டுக்கு ஜன்னல் இருக்கும், ஜன்னலுக்கு வெயில் வரும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

குழந்தை டாக்டர் வந்தார். ஐம்பது வயசு அம்மாள், அனாவசியமாக ஒரு வார்த்தை பேசாதவர். சுண்டுவின் கையைத் தூக்கி விட்டுப் பார்த்தார். கை பொத்தென்று விழுந்தது.

"எப்போ இருந்து மஞ்சள்?"

அக்கா வாயைத் திறந்தாள். கலர்காரர் முந்திக்கொண்டார். "இன்னிக்குக் காலையிலதான் பார்த்தோம் டாக்டர்."

"நேத்து காட்ட வரச் சொல்லியிருந்தோமே?"

"கடையில வேலை. நான்தான் கூட்டிட்டு வரல."

"கடைதான் முக்கியம், புள்ளை அப்புறம். அப்படித்தானே?"

"தப்புதான் டாக்டர்."

அவர் அக்காவின் பக்கம் திரும்பவே இல்லை. மூன்று நாளாக மஞ்சள் என்று சொன்னால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள், டார்ச் வீட்டுக்கு வந்த கதை வெளியே வரும், அக்காவின் வேலைக்கே உலை வைத்துவிடும். அதை யோசித்துத்தான் சொன்னார். தினம் தன்னைக் கிண்டல் பண்ணுகிற மனைவியின் அக்காவுக்காக அந்த மனிதர் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கிக்கொண்டார். அக்கா தரையில் இருந்த டைல்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தாய்மார்கள் அறையில் தங்கையின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"யாரைக் கேட்டு ஜன்னல்ல வச்சீங்க? எவனோ கடையில சொன்னான்னு என் புள்ளையைக் காய வச்சீங்களா? அவ என்ன உங்க சாம்பிள் பலகையா?"

"ஏதோ ஒண்ணு பண்ணணும்னு தோணுச்சும்மா."

"அக்காதான் பார்த்துச் சொன்னாளே ஒண்ணும் இல்லன்னு! உங்களுக்கு அக்கா மேல நம்பிக்கை இல்ல. அவளுக்கு மேல உங்களுக்குத் தெரியும்னு நினைப்பு. அக்கா, நீயாவது சொல்லேன். இவர் வெயில்ல வச்சதாலதானே இப்படி ஆச்சு?"

வெயிலால் சுண்டுவுக்கு மஞ்சள் ஏறவில்லை. வெயில் அதை மறைத்தது, அவ்வளவுதான். மறைத்ததைக் கண்டுபிடிக்க வேண்டியவள் வேறு ஒருத்தி. இதை அக்கா சொல்லியிருக்கலாம். சொல்ல இரண்டு வரி போதும்.

"இப்ப அதையெல்லாம் பேசாதேடி. அழுதா பால் வராது" என்றாள். மற்றதை மென்று விழுங்கினாள்.

எனக்கு அவள் மேல் வந்த கோபத்தில் இந்த அத்தியாயத்தை இங்கேயே நிறுத்திவிடலாமா என்றுகூட இருந்தது.

பதினொன்றரைக்கு இரண்டாவது ரத்தம். இருபத்தொன்று புள்ளி ஏழு.

"இறங்குது, ஆனா இந்த வேகம் போதாது" என்றார் டாக்டர். "இன்னிக்கு ஆரம்பிச்ச மஞ்சள்னா விளக்குக்கு இன்னும் கொஞ்சம் டைம் குடுத்துப் பார்க்கலாம். சாயங்காலமும் இப்படியே இருந்தா ரத்தத்தையே மாத்தணும்."

ரத்தத்தையே மாற்றுவது என்றால் கொஞ்சம் கொஞ்சமாக இருப்பதை எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்றுவது. இரண்டரைக் கிலோ உடம்பில் அது விளையாட்டு இல்லை.

அக்காவின் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். இன்னிக்கு ஆரம்பிச்ச மஞ்சள்.

கலர்காரர் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிரிக்காத பன் பாக்கெட். மடியில் கடையில் வைத்திருக்கிற ஷேடு கார்டு, கட்டம் கட்டமாக நிறம் ஒட்டிய நீள அட்டை. அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் அதை மூடப் பார்த்தார்.

"குடுங்க மாப்ள."

மஞ்சள் வரிசையில் மூன்று கட்டங்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. மூணாம் நாள், உள்ளங்கால். நாலாம் நாள், உள்ளங்கால். அஞ்சாம் நாள், உள்ளங்கால். ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு படி அடர்த்தி. அஞ்சாம் நாளுக்குப் பக்கத்தில் இன்னொரு வரி இருந்தது. மூஞ்சி மட்டும் ரெண்டு படி கம்மி. ஏன்?

"இதை நேத்து என்கிட்ட காட்ட வந்தீங்க இல்ல?"

"ஆமா. நீங்க, கொழந்தை என்ன செவுரா மாப்ளன்னு கேட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சுட்டேன்."

அந்த ஏன்-க்குப் பதில் தெரிந்தவள் அந்த வீட்டில் அக்கா ஒருத்திதான். அந்த அட்டையை ஒரு நிமிஷம் கையில் வாங்கிப் பார்த்திருந்தால், துணியைப் பிரித்திருப்பாள். நேற்றே விளக்குக்கு அடியில் போட்டிருப்பார்கள். ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

"இதை நான் டாக்டர்கிட்ட கொண்டு போறேன்."

"வேண்டாம்க்கா. உங்க வேலை போயிடும். என்னைத் திட்டினதோட போகட்டும்."

"உங்க பொய்யை நம்பித்தான் அந்தம்மா கணக்குப் போடறாங்க மாப்ள. இன்னிக்குத்தான் ஆரம்பிச்சதுன்னு நினைச்சுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கப் போறாங்க."

கலர்காரர் அட்டையை விட்டுவிட்டார். "அப்ப நான் சொன்னதுலயும் சுண்டுவுக்குக் கெடுதலா?"

"நீங்க எனக்காகச் சொன்னீங்க. எழுந்திருங்க."

டாக்டர் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அக்கா எதையும் விடாமல் சொன்னாள். டார்ச்சை எடுத்துப் போனது, நோட்டில் எழுதாதது, துணியைப் பிரிக்காதது, நெற்றியில் மட்டும் வைத்தது, பன்னிரண்டு புள்ளி எட்டு.

"நீங்களா சிஸ்டர்?" என்றார் டாக்டர். அதற்கு மேல் திட்டியிருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பாள். அவர் திட்டவில்லை. போனை எடுத்து, ரத்த வங்கியில் உடனே ரத்தம் ஏற்பாடு பண்ணச் சொன்னார். விளக்கு இன்னொன்று கூட்டச் சொன்னார். அடுத்த ரத்தத்தை இரண்டு மணிக்கே எடுக்கச் சொன்னார்.

"மூணு நாளா உள்ளங்கால் வரைக்கும் இருந்திருக்கு. இவ்வளவு ஏறினா மூளையில போய் உட்காரும், காது கேக்கறதையே கெடுத்துடும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. எண் இறங்கட்டும், காதுக்கும் ஒரு டெஸ்ட் எழுதறேன். அதைப் பெத்தவங்ககிட்ட அப்புறமா நான் சொல்லிக்கறேன். நேத்து நடந்ததை நீங்க சொல்லுங்க. இன்னிக்கு நீங்க இந்த வார்டுல வேலை பார்க்க வேண்டாம்."

அக்கா தங்கையிடம் போனாள். நின்றுகொண்டே சொன்னாள்.

தங்கை கடைசிவரை கேட்டாள். பால் கறந்து வைத்திருந்த கிண்ணத்தை மேஜை மேல் வைத்தாள். மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை, மறுபடி மூடினாள்.

"அவரை அவ்வளவு பேசினேனே. நீ பக்கத்துலயே நின்னுட்டு இருந்தே."

"ஆமாடி."

"நீ வாய் தொறக்கல."

"தொறக்கல."

"ராத்திரி பூரா நிம்மதியா தூங்கினேன்க்கா. அவ கொஞ்சமா குடிச்சப்போகூட நான் கவலைப்படல. அக்கா சொல்லிட்டாளேன்னு தூங்கினேன்." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "போ. இனிமே என் புள்ளையைத் தொடாதே. அவ நல்லா இருக்கா, நல்லா இல்லன்னு ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லாதே. நீ என்ன சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்."

அக்கா போகவில்லை. போக இடமில்லை. சீருடையைக் கழற்றிவிட்டு, வார்டுக்கு வெளியே, அம்மாக்கள் காத்திருக்கிற பெஞ்சில் உட்கார்ந்தாள். பதினாறு வருஷத்தில் அந்தப் பெஞ்சில் அவள் உட்கார்ந்தது அன்றுதான். கண்ணாடி வழியாக நீல வெளிச்சம் மட்டும் தெரிந்தது.

இரண்டு மணிக்கு இருபது புள்ளி நாலு. நாலு மணிக்குப் பதினெட்டு புள்ளி ஏழு.

"ரத்தம் மாத்த வேண்டியிருக்காது" என்று டாக்டர் சொன்னது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்கவில்லை. தங்கை கணவரின் தோளில் முகத்தைப் புதைத்ததைப் பார்த்து அக்கா தெரிந்துகொண்டாள். காலையிலிருந்து தேக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. யாரோ ஒரு அம்மா அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

உள்ளே தங்கை தொட்டில் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, சுண்டுவின் விரலைப் பிடித்துக்கொண்டாள். கலர்காரர் பன் பாக்கெட்டைப் பிரித்து அவளிடம் நீட்டினார். அவள் பாதியைப் பிய்த்து அவருக்கே கொடுத்தாள். அவ்வளவுதான், அந்தச் சண்டை முடிந்துவிட்டது.

அப்போதுதான் தட்டு விழுந்தது.

சாமான் அலசிக்கொண்டிருந்த பெண்ணின் கையிலிருந்து எவர்சில்வர் தட்டு ஒன்று நழுவி, டைல்ஸ் தரையில் மோதி, கணகணவென்று சுற்றிச் சுற்றி அடங்கியது. வெளியே இருந்த அக்காவையே அந்தச் சத்தம் தூக்கிப் போட்டது. ஜன்னலோரத் தொட்டிலில் இருந்த குழந்தை இரண்டு கையையும் விரித்துத் துள்ளியது. அதற்கு அடுத்தது வீறிட்டது. மூன்றாவதும் சேர்ந்துகொண்டது.

சுண்டு அசையவில்லை.

மார்பு ஏறி இறங்கியது. சத்தம் வந்தபோது அந்த மூச்சில் ஒரு தடுமாற்றம்கூட இல்லை. அக்கா எழுந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு பார்த்தாள். காலையில் துவண்டு கிடந்த களைப்பாக இருக்கலாம். விளக்குச் சூட்டின் தூக்கமாக இருக்கலாம். தனக்குத் தானே அவள் சொல்லிக்கொண்டது இது. நேற்றும் இப்படித்தான் ஏதோ சொல்லிக்கொண்டு துணியைப் பிரிக்காமல் விட்டாள்.

கதவு பாதி திறந்திருந்தது. தங்கையின் குரல் கேட்டது. அந்த நாளில் முதல் முறையாக அந்தக் குரலில் சிரிப்பு இருந்தது.

"பாருங்களேன் உங்க பொண்ணை! எல்லாப் புள்ளையும் அலறுது, இவ மட்டும் எவ்வளவு நிம்மதியா தூங்கறா. இத்தனை சத்தத்துக்கும் அசையலையே!"

கலர்காரரும் சிரித்துக்கொண்டேதான் திரும்பினார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அக்காவின் முகத்தைப் பார்த்தார். நிறம் போயிருந்த அந்த முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு அப்படியே நின்றது.

"என்னங்க?" என்று தங்கையும் திரும்பினாள். சிரிப்பு அவள் முகத்தில் இன்னும் மிச்சமிருந்தது.

ஒரு வார்த்தைகூடச் சொல்லாதே என்று சொல்லப்பட்ட அக்கா, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கதவைத் தள்ளினாள்.